போயிட்டு வரேன், பெரியவரே!

வறண்ட குன்றுக்காடு ஒன்றில் குணபூஷணி என்று ஒரு சருகுமான் இருந்தாள். சருகுமான் என்றால் பெரிய உருவமெல்லாம் இல்லை. நன்றாகத் தின்று கொழுத்தாலும் ஒரு பூனை அளவுதான் வரும். ஆனால் அவளுடைய மரியாதை இருக்கிறதே, அதை வைக்க அந்தக் காட்டில் இடம் போதாது!

எதிரே ஆமை வந்தால் ஒதுங்கி வழிவிடுவாள். ஆமை கடந்து போகிறவரை நின்றுகொண்டே இருப்பாள். அதிலேயே பாதி நாள் போய்விடும். கரையான் புற்றைத் தாண்டும்போதுகூட, "உள்ளே எல்லாரும் சௌக்கியமா?" என்று கேட்டுவிட்டுத்தான் தாண்டுவாள்.

விடைபெறுகிற விஷயத்தில் மட்டும் அவள் ரொம்பக் கண்டிப்பு. யாராவது கிளம்பும்போது "போறேன்" என்று சொல்லிவிட்டால் போதும், பதறிப்போவாள்.

"ஐயையோ! வாயிலே நல்ல வார்த்தை வராதா? 'போயிட்டு வரேன்'னு சொல்லுங்க!"

அவளுக்கு இரண்டு குட்டிகள். உருவம்தான் சின்னது, பேராவது பெரிதாக இருக்கட்டும் என்று ஒன்றுக்குக் குஞ்சரம் என்றும் இன்னொன்றுக்கு வேழம் என்றும் பெயர் வைத்திருந்தாள். இரண்டுக்குமே யானை என்றுதான் அர்த்தம். இரண்டு யானைகளும் சேர்ந்து ஒரு தேங்காய் மட்டைக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும்!

அந்த வருஷம் கோடை மோசமாக இருந்தது. பக்கத்துப் புதரில் குடியிருந்த முள்ளம்பன்றி சாமிக்கண்ணு வந்து சொன்னான்:

"தங்கச்சி, கீழே சதுப்புக்காட்டிலே தண்ணி தளும்பிக் கிடக்காம். நாணல் என்ன, தாமரை என்ன! போய்க் கொஞ்ச நாள் முகாம் போட்டு இருந்துட்டு வருவமா?"

"வரேன் அண்ணே! பிள்ளைங்களும் தண்ணியைப் பார்த்த மாதிரி இருக்கும்."

"சரி, காலையிலே கிளம்பலாம். நான் போறேன்."

"அண்ணே!"

"சரி தாயே, போயிட்டு வரேன்!" என்று முணுமுணுத்துக்கொண்டே சாமிக்கண்ணு போனான்.

சதுப்புக்காட்டின் எல்லையில் கால் வைத்ததுமே தலைக்கு மேலே ஒரு கூச்சல் கேட்டது. அங்கே காவல் பார்ப்பது ஓர் ஆள்காட்டிக் குருவி. யார் வந்தாலும் ஊரைக் கூட்டிவிடும். கூட்டிய பிறகுதான் வந்தவர் யார் என்றே பார்க்கும்.

"முகாமா? தங்குங்க, வேணாங்கலை. ஆனா சொல்றதைக் கேட்கணும்! கூடாரத்தை மேட்டிலே போடுங்க. தண்ணி ஓரமா நிழல் நல்லா இருக்கேன்னு அங்கே போய்ப் படுக்கக் கூடாது. தின்ன மிச்சத்தைக் கூடாரத்துப் பக்கத்திலே போட்டு வைக்காதீங்க. படுக்கிறதுக்கு முந்தி விரிப்பை உதறுங்க, தேள் இருக்கும். தண்ணிக்குத் தனியாப் போகாதீங்க. அதைவிட முக்கியம், இன்னைக்கு இறங்கின துறையிலே நாளைக்கு இறங்காதீங்க!"

"ஏன் அக்கா?" என்று பணிவாகக் கேட்டாள் குணபூஷணி.

ஆள்காட்டி இரண்டு பக்கமும் பார்த்தது. பிறகு குரலைத் தாழ்த்தி, "அங்கே பெரியவர் இருக்கார்" என்றது.

"எந்தப் பெரியவர்?"

"பெரியவர்தான்! பேரைக் கேட்காதே. பேரைச் சொன்னா எதிர்லே வந்து நிப்பார். நாங்க யாரும் பேர் சொல்றதில்லை. பெரியவர் இருக்கார்னா புரிஞ்சுக்கணும், அவ்வளவுதான்!"

அந்தச் சதுப்புக்காட்டில் பிறந்த தவளைக்கும் கொக்குக்கும் அது புரியும். அங்கே பெரியவர் என்றால் முதலை. குன்றுக்காட்டிலிருந்து வந்த குணபூஷணிக்கு எப்படிப் புரியும்? அவள் பிறந்ததிலிருந்து முதலையைப் பார்த்ததே இல்லை. யாரோ வயதான, மதிப்பான ஒருவர் தண்ணீர்க் கரையில் குடியிருக்கிறார், அவருக்குத் தொந்தரவு கொடுக்கக் கூடாதாம், இதுதான் அவளுக்குப் புரிந்தது.

'பெரியவர் இருக்கிற ஊருக்கு வந்துட்டு, ஒரு வணக்கம்கூடச் சொல்லாம இருந்தா நல்லாவா இருக்கும்?' என்று யோசிக்க ஆரம்பித்துவிட்டாள்.

மேட்டில் நாணலை வளைத்துக் கூடாரம் போட்டார்கள். நடந்த களைப்பில் சாமிக்கண்ணு விழுந்து தூங்கிவிட்டான். குட்டிகளுக்குத் தாகம். சேற்றில் வழுக்கும் என்று அவற்றைக் கூடாரத்திலேயே விட்டுவிட்டு, சுரைக்குடுவையை வாயில் கவ்விக்கொண்டு குணபூஷணி மட்டும் துறைக்கு வந்தாள்.

தண்ணீருக்கு மேலே இரண்டு கண்கள் தெரிந்தன. கொஞ்சம் தள்ளி ஒரு மூக்கு நுனி தெரிந்தது. மற்றதெல்லாம் தண்ணீருக்குள்ளே.

'அடடா, பெரியவர் குளிச்சுட்டு இருக்கார்!' என்று நினைத்தாள். குளிக்கிறவரை உற்றுப் பார்க்கலாமா? சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

முதலை வாயைத் திறக்கப் போன நேரம்.

"வணக்கம் பெரியவரே! நீங்க நிம்மதியாக் குளிங்க, நான் இந்தப் பக்கம் பார்க்கவே மாட்டேன். ஒரு குடுவை தண்ணி மொண்டுக்கிட்டுக் கிளம்பிடறேன்."

முதலைக்குத் தன் காதுகளையே நம்ப முடியவில்லை. அதைப் பார்த்து ஓடியவர்கள் உண்டு, அலறியவர்கள் உண்டு, மயங்கி விழுந்தவர்கள்கூட உண்டு. வணக்கம் சொன்னவர்கள் அன்றுவரை ஒருவரும் இல்லை!

"வாங்க, வாங்க! ஊருக்குப் புதுசோ?" என்றது முதலை.

"ஆமாங்க. மேட்டிலே முகாம் போட்டிருக்கோம். நானும் பிள்ளைங்களும்."

முதலை அவளை மேலும் கீழும் பார்த்தது. சின்ன உடம்பு. கடைவாய்க்குக்கூடக் காணாது. இருந்தாலும் பசி நேரத்தில் கிடைத்ததை விடுவானேன் என்று வாலை லேசாக அசைத்துக்கொண்டே கேட்டது:

"பிள்ளைங்க பேர் என்னம்மா?"

"மூத்தவன் குஞ்சரம். இளையவன் வேழம்."

வால் அப்படியே நின்றது. குஞ்சரம்! வேழம்! முதலையின் வாயில் ஊறிய எச்சிலில் சதுப்புத் தண்ணீர் ஒரு விரல்கடை உயர்ந்திருக்கும். பூனை அளவு இருக்கிற இவளைத் தின்று யானைகளைக் கோட்டை விடுவதா? எந்த முதலையாவது செய்யுமா?

"நல்ல பேரு, நல்ல பேரு! வாட்டசாட்டமா இருப்பாங்களே?"

"நான் பெத்த பிள்ளைங்களை நானே சொல்லக் கூடாது, கண்ணு பட்டுடும்" என்று வெட்கப்பட்டாள் குணபூஷணி.

"அதுவும் சரிதான். அவங்களையும் ஒருநாள் கூட்டிட்டு வாங்களேன்."

"அதுக்கென்ன பெரியவரே! அப்ப நான் போயிட்டு வரேன்."

"வருவீங்கல்ல?"

"போயிட்டு வரேன்னு சொன்னா வந்துதானே ஆகணும்!"

மறுநாள் தண்ணீருக்குக் கிளம்பியபோது சாமிக்கண்ணு தடுத்தான்.

"தங்கச்சி, அந்தத் துறை நேத்து போனதாச்சே. ஆள்காட்டியக்கா என்ன சொன்னாங்க? இன்னைக்குக் கிழக்காலே போ. இரு, நானும் வரேன்."

"வேண்டாம் அண்ணே. பெரியவர்கிட்டே 'போயிட்டு வரேன்'னு சொல்லிட்டு வந்திருக்கேன். இன்னைக்கு வேற துறைக்குப் போனா என்ன நினைப்பார்? 'சொன்ன வார்த்தைக்கு மதிப்பில்லாத குடும்பம்'னு நினைக்க மாட்டாரா?"

"அது ஒரு பேச்சுக்குச் சொல்றதுதானே!"

"நீங்க ஒரு பேச்சுக்குச் சொல்வீங்க. நான் சொன்னா சொன்னதுதான்!"

போனாள். முதலை அதே இடத்தில் அவளுக்காகக் காத்திருந்தது. ஊர்க்கதை கேட்டது, மழை எப்படி என்று விசாரித்தது. அவளும் முகத்தைத் திருப்பி வைத்துக்கொண்டே எல்லாவற்றுக்கும் பதில் சொன்னாள். 'பாவம், எப்பப் பார்த்தாலும் குளிச்சுக்கிட்டே இருக்கார், உடம்பு சூடு போல' என்று பரிதாபப்படவும் செய்தாள். கிளம்பும்போது மறக்காமல் "போயிட்டு வரேன்" சொன்னாள். சொன்னதால் அடுத்த நாளும் போக வேண்டியதாயிற்று. அதற்கடுத்த நாளும் அப்படியே.

முதலைக்கு இந்தப் பக்கம் வயிறு ஒட்டிப்போயிற்று. தவளை வந்தது, விட்டுவிட்டது. நாரை வந்து மூக்கின் மேலேயே உட்கார்ந்தது, அதையும் விட்டுவிட்டது. யானை வரும்போது வயிறு காலியாக இருக்க வேண்டாமா?

கடைசியில் பொறுக்க முடியாமல் ஒருநாள் சொன்னது:

"அம்மா, நாளைக்கு வெயில் தாழ நம்ம வீட்டிலேதான் விருந்து! பிள்ளைங்களோட வந்துடணும்."

குணபூஷணிக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. "உங்களுக்கு எதுக்குச் சிரமம் பெரியவரே!"

"எனக்கென்ன சிரமம்? நீங்க வந்தாலே போதும், மத்ததை நான் பார்த்துக்கறேன்."

"எங்ககூடச் சாமிக்கண்ணு அண்ணனும் வந்திருக்கார். முள்ளம்பன்றி. அவரையும்..."

"முள்ளம்பன்றியா!" முதலை முகத்தைச் சுளித்தது. "அவர் வேண்டாம்மா. எனக்கு முள் ஒத்துக்காது."

விஷயத்தைச் சொன்னபோது சாமிக்கண்ணுவுக்குச் சுருக்கென்றது. ஒரே முகாமில் இருக்கிறவர்களில் ஒருவரை மட்டும் விட்டுவிட்டு விருந்துக்குக் கூப்பிடுவதா?

"முள் ஒத்துக்காதாமா? நான் என்ன அவர் மடியிலேயா போய் உட்காரப் போறேன்?"

"கோவிச்சுக்காதீங்க அண்ணே. வயசானவர், ஏதோ உடம்புக்கு இருக்கும்."

"நீங்க போய் நல்லாத் தின்னுட்டு வாங்க. எனக்குக் கிழங்கு இருக்கு!" என்று சாமிக்கண்ணு திரும்பி உட்கார்ந்துகொண்டான். முள்ளெல்லாம் தூக்கிக்கொண்டு நின்றது.

மறுநாள் வெயில் தாழ்ந்தது. குணபூஷணி குட்டிகளை நக்கி நக்கிப் பளபளவென்று ஆக்கினாள். கையை வீசிக்கொண்டு விருந்துக்குப் போக முடியுமா? ஒரு கொத்து நாவல்பழம் எடுத்துக்கொண்டாள். வழியெல்லாம் குட்டிகளுக்குப் பாடம் நடத்திக்கொண்டே போனாள்.

"எதைக் கொடுத்தாலும் முதல்லே வேண்டாம்னு சொல்லணும். அப்புறம் வற்புறுத்தினா வாங்கிக்கணும். பறக்காவெட்டி மாதிரி தின்னக் கூடாது. கிளம்பும்போது என்ன சொல்லணும்?"

"போயிட்டு வரோம்!" என்றன யானைகள் இரண்டும்.

தலைக்கு மேலே ஆள்காட்டி பறந்து பறந்து கத்தியது. "பெரியவர் இருக்கார்! பெரியவர் இருக்கார்!"

"தெரியும் அக்கா! அவர்தான் கூப்பிட்டிருக்கார்!" என்று சந்தோஷமாகப் பதில் சொன்னாள் குணபூஷணி.

துறைக்குச் சற்று முன்னால் நின்றுவிட்டாள். தினமும் தண்ணீருக்கு வருவது வேறு, விருந்துக்கு வருவது வேறு அல்லவா? கூப்பிட்டவர் வாசலுக்கு வந்து "வாங்க" என்று சொல்ல வேண்டும். அதற்கு முன்னால் உள்ளே நுழைந்தால் நன்றாகவா இருக்கும்?

"பெரியவரே, வந்துட்டோம்!"

"வாங்க வாங்க! ஏன் அங்கேயே நிக்கறீங்க? தண்ணி பக்கத்திலே வாங்க!" தண்ணீருக்குள்ளிருந்து குரல் மட்டும் வந்தது.

"இருக்கட்டும். நீங்க குளிச்சு முடிச்சுக் கரைக்கு வாங்க. அதுவரைக்கும் நிக்கறோம்."

"பிள்ளைங்க எங்கேம்மா?"

"இதோ, பக்கத்திலேயே நிக்கறாங்களே! குஞ்சரம், பெரியவருக்கு வணக்கம் சொல்லு. வேழம், மூக்கை நோண்டாதே!"

முதலை கண்ணை இடுக்கிப் பார்த்தது. சருகுமானின் காலுக்கடியில் அணிலைவிடக் கொஞ்சம் பெரிதாக ஏதோ இரண்டு நின்றன. அவற்றுக்குப் பின்னால் யானை வருகிறதா என்று பார்த்தது. ஒன்றும் வரவில்லை.

"இதுவா குஞ்சரம்?"

"ஆமாங்க!"

"இதுவா வேழம்?"

"ஆமாங்க, சின்னவன். கொஞ்சம் குறும்பு..."

"அடிப்பாவி! இந்த ரெண்டு சுண்டைக்காய்க்காகவா இத்தனை நாளா வயிற்றைக் கட்டி வெச்சுக்கிட்டுக் கிடந்தேன்? நாரையை விட்டேனே! தவளையை விட்டேனே! உன்னையும் முதல் நாளே விழுங்கித் தொலைச்சிருக்கலாமே!"

சேறு தெறிக்க முதலை கரையேறி வந்தது. அப்போதுதான் குணபூஷணி முகத்தைத் திருப்பி அதை முழுசாகப் பார்த்தாள். கண்ணுக்குப் பின்னால் உடம்பு வந்தது. உடம்புக்குப் பின்னால் இன்னும் உடம்பு வந்தது. அதற்குப் பின்னால் வால் வந்துகொண்டே இருந்தது. முன்னால் வரிசையாகப் பற்கள்! இத்தனை நாளும் இந்த வாயோடுதான் மழையைப் பற்றியும் வெயிலைப் பற்றியும் பேசிக்கொண்டிருந்தாளா?

நாவல்பழம் கீழே விழுந்து சிதறியது. ஓட வேண்டும் என்று தெரிந்தது, ஆனால் எந்தக் குட்டியை முதலில் தள்ளுவது என்று தெரியவில்லை. இரண்டையும் வயிற்றுக்கடியில் இழுத்து மூடிக்கொண்டு அப்படியே நின்றாள். பெற்றவளுக்கு அந்த நேரத்தில் வேறு என்ன தோன்றும்?

அப்போது மேட்டிலிருந்து கலகலவென்று முள் குலுங்கும் சத்தத்தோடு ஒரு குரல் உருண்டு வந்தது.

"தங்கச்சி! ஓடு! ஒத்துக்காதுன்னு தின்கிற பொருளைத்தான் சொல்வாங்க! ஆளைச் சொல்ல மாட்டாங்க!"

சாமிக்கண்ணு! மேட்டில் உட்கார்ந்து கிழங்கைக் கடித்தபடி, 'முள் ஒத்துக்காது, முள் ஒத்துக்காது' என்று கோபத்தில் அதையே மென்றுகொண்டிருந்தவனுக்குப் பாதிக் கிழங்கில்தான் விளங்கியிருந்தது. சிலருக்குக் கத்தரிக்காய் ஒத்துக்காது, சிலருக்குக் கருவாடு ஒத்துக்காது. முள்ளம்பன்றி ஒத்துக்காது என்றால் சருகுமான் ஒத்துக்கும் என்றுதானே அர்த்தம்?

வந்த வேகத்தில் அவன் நிற்கவில்லை. நடுவில் புகுந்து, திரும்பி, முதுகைச் சிலிர்த்துக்கொண்டு பின்பக்கமாகவே போய் மோதினான். கோபத்தில் கண்ணை மூடிக்கொண்டு வாயைச் சாத்திய முதலைக்கு அண்ணம், ஈறு, நாக்கு எல்லாவற்றிலும் முள்!

"ஆ! ஆ! ஒத்துக்காதுன்னு சொன்னேனே! சொன்னேனே!" என்று அலறியது முதலை.

அதற்குள் ஆள்காட்டிக்கும் பொறுமை போய்விட்டது. பரம்பரை பரம்பரையாக யாரும் சொல்லாத வார்த்தையைத் தொண்டை கிழியச் சொன்னது:

"முதலை! முதலை! ஏ சருகுமானே, அது முதலைடீ! ஓடுடீ!"

இந்த முறை குணபூஷணிக்குப் புரிந்தது. குட்டிகளைத் தலையால் முட்டித் தள்ளிக்கொண்டு மேட்டுக்கு ஓடினாள். வழியில் ஓர் ஆமை எதிரே வந்தது. ஒதுங்கி நிற்காமல் அதைத் தாண்டிக் குதித்தே ஓடினாள்! பின்னாலேயே சாமிக்கண்ணு, பத்திருபது முள் குறைந்தவனாக, மூச்சிரைக்க வந்து சேர்ந்தான்.

குணபூஷணி குட்டிகளை மாறி மாறி முகர்ந்து பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு சாமிக்கண்ணுவைப் பார்த்து ஓவென்று அழுதாள்.

"நீங்க வராட்டி என் பிள்ளைங்க..."

"சரி, சரி, விடு. கூப்பிடாத விருந்துக்கு வந்ததுக்கு நான்தான் வெட்கப்படணும்" என்றான் சாமிக்கண்ணு, முள் போன இடத்தைத் தடவிக்கொண்டே.

அழுது முடித்ததும் குணபூஷணி ஆள்காட்டியிடம் திரும்பினாள். "அக்கா, முதல் நாளே 'முதலை'ன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?"

"பேரைச் சொன்னா வந்து நிப்பார்னு..." என்று இழுத்தது ஆள்காட்டி.

"சொல்லாமலே வந்து நின்னாரே!"

ஆள்காட்டி கழுத்தைத் திருப்பிச் சிறகைக் கோதுவதுபோல் பாவனை செய்தது. ஆனால் அன்றிலிருந்து புதிதாக யார் முகாமுக்கு வந்தாலும் முதல் வார்த்தையாக "முதலை!" என்றுதான் கத்துகிறது. இரண்டாவதாகத்தான் வாங்க என்கிறது.

மீதி நாட்களில் குணபூஷணி தனியாகத் தண்ணீருக்குப் போகவில்லை. இன்று கிழக்குத் துறை என்றால் நாளை வடக்குத் துறை. சாமிக்கண்ணு முன்னால் போய்க் கரையைப் பார்த்து "சரி" என்ற பிறகுதான் அவள் குடுவையை இறக்குவாள். தண்ணீரில் கண்ணோ மூக்கோ தெரிந்தால், குளிக்கிறாரா இல்லையா என்று நன்றாக உற்றுப் பார்த்துக்கொண்டாள்.

ஊருக்குக் கிளம்பும் நாள் வந்தது. கூடாரத்தைப் பிரித்தார்கள். தின்று போட்ட தோலையும் கொட்டையையும் பொறுக்கிக் குழியில் மூடினார்கள். ஆள்காட்டியிடம் வாய் நிறைய "போயிட்டு வரோம் அக்கா!" என்று சொன்னார்கள்.

மேட்டை விட்டு இறங்கும்போது பழைய துறைப்பக்கமிருந்து ஒரு குரல் வந்தது. வாய் புண்ணானதால் கொஞ்சம் குழறலாக வந்தது.

"என்னம்மா குணபூஷணி, சொல்லாமலே கிளம்பிட்டீங்களே? நடந்ததை மனசிலே வெச்சுக்காதீங்க. பழகின பழக்கத்துக்கு ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போகக் கூடாதா?"

குணபூஷணியின் கால் நின்றுவிட்டது. சாமிக்கண்ணுவுக்குத் திக்கென்றது. இவள் பிறவி குணம் அவனுக்குத் தெரியாதா? ஒருவர் வாய் திறந்து கேட்ட பிறகு சொல்லாமல் போவாளா? சொல்லிவிட்டால் அப்புறம் வராமல் இருப்பாளா?

"தங்கச்சி, வேண்டாம்! திரும்பாதே!"

குணபூஷணி திரும்பினாள். நாணலுக்கு நடுவே தெரிந்த அந்த இரண்டு கண்களையும் நேராகப் பார்த்தாள். மரியாதை கெட்ட வார்த்தை அல்லவா, லேசில் வாயில் வரவில்லை. குட்டிகள் இரண்டையும் ஒருமுறை பார்த்தாள். பிறகு வாழ்க்கையிலேயே முதல்முறையாக, சதுப்புக்காடு முழுக்கக் கேட்கும்படி சொன்னாள்:

"போறேன்!"

நல்லவர்களிடம் காட்ட வேண்டிய மரியாதையை ஆபத்திடம் காட்டாதீர்கள். அதனிடம் ஒருநாளும் "போயிட்டு வரேன்" என்று சொல்லிவிட்டு வராதீர்கள்.